வைத்தியம் பார்த்த தண்ணீர்

1967-ல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில், குரங்குகளைக் கையாண்ட ஆய்வக ஊழியர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். பிராங்க்பர்ட்டிலும் பெல்கிரேடிலும் அதே கதை. மொத்தம் 31 பேர். 7 பேர் இறந்தார்கள். சில மாதங்களிலேயே கிருமியைப் பிடித்து, ஊர்ப் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது துர்பாவுக்கு வாருங்கள். காங்கோவின் வடகிழக்கு மூலை. பெல்ஜியர்கள் காலத்திலிருந்தே தங்கம் தோண்டும் மண். அங்கே சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு 1987-லிருந்தே ஒரு காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. வாயிலும் மூக்கிலும் ரத்தம் வரும். சில நாளில் ஆள் போய்விடுவான். உள்ளூர்க்காரர்கள் அதற்கு 'துர்பா ரத்தக்கசிவு நோய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது மார்பர்க் என்று உலகம் கண்டுகொண்டது 1999-ல். ஐரோப்பாவுக்குச் சில மாதங்கள். துர்பாவுக்குப் 12 வருடங்கள்.

அந்த 12 வருடமும் யாரும் தூங்கவில்லை. தங்கம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1998-ல் போர் மூண்டது. உகாண்டா ராணுவம் உள்ளே வந்தது. எல்லைப் பாதுகாப்புக்காம். எல்லையைக் காக்க வந்தவர்கள் எல்லையைத் தாண்டி, காட்டைத் தாண்டி, நேராகச் சுரங்கத்தின் வாசலில் போய் நின்றார்கள். கோரும்ப்வா சுரங்கத்தின் கூரையைத் தாங்கிய தூண்களிலும் தங்கம் இருந்தது. வெடி வைத்தார்கள். 1999-ல் சுரங்கம் சரிந்தது. உள்ளே சிக்கிச் செத்தவர்கள் சுமார் 100 பேர் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் எழுதிவைத்திருக்கிறது.

அந்த ஆண்டு உகாண்டாவின் சொந்தத் தங்க உற்பத்தி 5 கிலோவைத் தொடவில்லை. ஏற்றுமதி செய்ததோ 11 டன்னுக்கு மேல். ஐ.நா. நிபுணர் குழு இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டது. நம் சித்தர்களுக்கே முழுதாகக் கைவராத ரசவாதம் இது.

சரி, தோண்டியவன் என்ன ஆனான்? கையில் உளி, சுத்தி. குனிந்தே போக வேண்டிய வழி. தலைக்கு மேலே பழந்தின்னி வௌவால்கள், ஆயிரக்கணக்கில். எச்சம் தோளில் விழும். துடைத்துக்கொண்டு பாறையைக் கொத்துவான். மூட்டையைச் சுமந்து மேலே வந்தால் துப்பாக்கிக்காரனுக்கு ஒரு பங்கு. மிச்சம் அவனுக்கு. காய்ச்சலில் மட்டும் யாரும் பங்கு கேட்கவில்லை.

1998 அக்டோபரிலிருந்து ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். அதைக் கேட்க ஆளில்லை. 1999 ஏப்ரலில், துர்பா அடங்கிய வாட்சா வட்டாரத்தின் தலைமை மருத்துவ அதிகாரியே அதே நோயில் இறந்தார். அப்போதுதான் வெளியுலகத்துக்குக் காது கேட்டது. கூலிக்காரன் செத்தால் அது விதி. டாக்டர் செத்தால்தான் அது தொற்றுநோய்.

வந்தார்கள். எண்ணினார்கள். 2000 வரை 154 நோயாளிகள். 128 பேர் பிணமானார்கள். பாதிக்கு மேல் சுரங்கத்தில் உழைத்த இளவட்டங்கள். பரிசோதனையில் உறுதியானது 48 பேருக்குத்தான். மீதி 106 பேர் 'நோய் இருந்திருக்கக்கூடியவர்கள்'. தங்கத்தைக் கிராம் கிராமாக நிறுத்துக் கணக்கெழுதும் ஊர் அது, மறந்துவிடாதீர்கள்.

கிருமியில் குறைந்தது ஒன்பது தனித்தனி மரபுவரிசைகள் இருந்தன. அதாவது, ஒருவன் கொண்டுவந்து ஊரெல்லாம் பரப்பிய நோயல்ல. சுரங்கம் மறுபடி மறுபடி புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருந்த நோய். அப்படியென்றால் மருந்து ரொம்பச் சுலபம்: சுரங்கத்தை மூட வேண்டும். யார் மூடுவார்கள்? துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு வருமானம் போய்விடும். துப்பாக்கி இல்லாதவனுக்கு அன்றைய சோறு போய்விடும். அரசாங்கமோ, தேடினாலும் கிடைக்காத தூரத்தில் இருந்தது.

கடைசியில் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. தோண்டுவது நின்றது. நோயும் நின்றது. அமைச்சர் வரவில்லை, ஆணை வரவில்லை, தண்ணீர் வந்தது.

காங்கோவில் நடந்ததற்கு உகாண்டா பொறுப்பு என்று சர்வதேச நீதிமன்றம் 2005-ல் சொன்னது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்ல இன்னும் 17 வருடம் எடுத்துக்கொண்டது. 2022-ல் 32.5 கோடி டாலர், ஐந்து தவணையில். ஆட்களுக்கு 22.5 கோடி, சொத்துக்கு 4 கோடி, இயற்கை வளத்துக்கு 6 கோடி. காய்ச்சலுக்கு என்று ஒரு தலைப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

துர்பா பக்கத்திலேயே 2013 முதல் கிபாலி சுரங்கம் ஓடுகிறது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்று. பாறையிலிருந்து தங்கத்தைப் பிரிக்க அங்கே எல்லா எந்திரமும் வந்துவிட்டது. மார்பர்க்குக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி இன்னும் ஒன்றுகூட வரவில்லை.