வரவேற்பறைச் சிப்பியியல்: ஒரு முன்னாய்வு

தமிழர் வீட்டு வரவேற்பறையில் சுவரோடு சுவராக நிற்கும் கண்ணாடி அலமாரியையும், அதற்குள் அடைபட்டிருக்கும் சிப்பி, சங்கு, பழம்பொருள் வகையறாக்களையும் முறையாக ஆராய்ந்த நூல் எதுவும் என் கைக்குக் கிட்டவில்லை. கிட்டாததை 'இல்லை' என்று எழுதுவது நம் ஆய்வு மரபு. ஆகவே, இல்லை. அந்தப் பெருங்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வு எல்லை: பாளையங்கோட்டையில் என் பெற்றோர் வீட்டு அலமாரி, மூன்று தட்டு. கீழ்த்தட்டின் இடது கோடி மட்டும் எல்லைக்கு அப்பாற்பட்டது. அங்கே ஒரு பல்லி குடும்பம் நடத்துகிறது. முதன்மைச் சான்று அம்மா. துணைமைச் சான்று அப்பா. அம்மா கூடத்தில் இல்லாத நேரத்தில் மட்டும் கிடைக்கும். கருதுகோள்: அலமாரியில் உள்ளவை அழகுக்காக வைக்கப்பட்டவை. கருதுகோளை முதல் இயலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நெறியாளர்கள் வற்புறுத்துவதால் சொல்கிறேன். அது தப்பு என்று எனக்கு இப்போதே தெரியும்.

சொல்லாராய்ச்சி இல்லாமல் ஆய்வு நகராது. 'ஷோகேஸ்' ஆங்கிலச் சொல் என்பது அவசரக்காரர் கருத்து. 'சோ' என்றால் அரண், மதில் என்று தமிழ் அகராதியே சொல்கிறது. 'கேஸ்' என்றால் வழக்கு. இதற்கு அகராதி வேண்டாம், கோர்ட்டு வாசலில் டீ குடித்தவர் எவரும் சொல்வார். ஆக, அரணுக்குள் பூட்டப்பட்டுக் குடும்பத்துக்குள் வழக்குக் கிளப்பும் பொருள்களின் இருப்பிடம் சோகேசு. விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் இதைவிட மெலிந்த காலில் நின்றுகொண்டு குமரிக்கண்டம் வரை போய்வந்த கட்டுரைகள் அச்சேறிக் கிடக்கின்றன.

இனி வகைப்பாடு. சிப்பி ஒட்டிய முகக்கண்ணாடி: ஒட்டிய சிப்பி போக மிஞ்சிய இடத்தில் ஒரு கண் தெரியும். சோழி: பன்னிரண்டு இருந்தது, தாயம் ஆட எடுத்துப்போன பக்கத்து வீட்டார் மாற்றலாகிவிட்டார்கள். ஐவிரல் சங்கு: ஆணியில் தொங்குகிறது, வேறு செய்தி இல்லை. சிப்பித் திரைச்சீலை: அத்தையின் கொண்டையில் சிக்கிய அன்றே கழற்றப்பட்டது (அத்தை, வாய்மொழி, திரும்பச் சொல்ல மறுத்துவிட்டார்).

சங்குக்கு மட்டும் ஒரு வரி போதாது. இடம்புரி, வலம்புரி என்று சங்கு இரண்டு. இடம்புரி சாதாரணம், வலம்புரி அபூர்வம், லட்சுமி, விலை. மன்னார் வளைகுடாவில் குளித்து எடுக்கும் சங்கில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரிதான். சரி, அந்தச் சாதாரணச் சங்கை ஒரு விலங்கியல் ஆசிரியரிடம் கொடுத்துப் பாருங்கள். 'இது வலப்புறம் சுருண்டது' என்பார். அபூர்வமான வலம்புரியை நீட்டினால், 'இது இடப்புறம் சுருண்டது' என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. அவர் சுருள்முனை மேலே இருக்கப் பிடிக்கிறார். சங்கின் வாய் அவருக்கு வலப்பக்கம் தெரிகிறது. நாம் அதையே தலைகீழாக, நீர் ஒழுகும் மூக்கு மேலே வரப் பிடிக்கிறோம். வாய் இடப்பக்கம் போய்விடுகிறது. சங்கு ஒன்று, கை இரண்டு. அறிவுலகச் சண்டைகளில் எத்தனை இப்படிப் பிடிக்கிற கையால் வந்தவை என்று எண்ணிப் பார்க்கலாம். ஆனால் எண்ணுவதற்கு முன் யாராவது ஒருவர் கையைத் திருப்ப வேண்டும். அதற்கு எந்தத் துறையிலும் நிதி ஒதுக்கீடு இல்லை.

எங்கள் அலமாரியின் நடுத்தட்டில் ஒரு 'வலம்புரி' உண்டு. சித்தப்பா ஒரு தீர்த்தக்கரைக் கடையில் வாங்கியது. என்ன விலை என்பது சித்திக்கு இன்றுவரை தெரியாது (சித்தப்பா, வாய்மொழி, மொட்டை மாடி, இரவு 9 மணிக்கு மேல், 'எழுதிராதேடே' என்ற குறிப்புடன்). நம் கடல் சங்கின் வாய்க்குள் பார்த்தால் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்பு தெரியும். சித்தப்பாவின் சங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மழமழவென்று இருந்தது. அமெரிக்கக் கடற்கரையில் ஒரு சங்கினம் பிறவியிலேயே இந்தப் பக்கம் சுருள்வது. அங்கே அது அபூர்வமும் இல்லை. வலம்புரி என்ற பெயரில் இங்கே அது விலைபோவது ஊரறிந்த சங்கதி. கண்டுபிடிப்பை வெளியிட்டேன். சித்தப்பா அசரவில்லை. 'எந்த ஊர்க்காரியா இருந்தா என்னடே, லட்சுமி லட்சுமிதான்' என்றார். எதிர்ச்சான்று கிடைத்த பின்னும் கொள்கையைக் கைவிடாத இந்த உறுதி பல்கலைக்கழகங்களுக்கு வெளியேயும் உண்டு என்பது ஆறுதல்.

சங்கைக் காதில் வைத்தால் கடல் கேட்கும் என்பது அடுத்த கொள்கை. அக்காள் மகளை, வயது 7, உதவி ஆய்வாளராக நியமித்துச் சோதித்தேன். ஒரு காதில் சங்கு, மறு காதில் எவர்சில்வர் டம்ளர். 'ரெண்டுலயும் கடல் கேக்குது மாமா' என்றாள். டம்ளர் தாமிரபரணியைத் தாண்டியதில்லை. சுற்றுப்புறத்து இரைச்சல்தான் குழிவுக்குள் புகுந்து முழங்குகிறது. ஆகவே எங்கள் வீட்டுச் சங்கில் கேட்பது வங்கக் கடலும் அல்ல, அமெரிக்கக் கடலும் அல்ல. தெருமுனையில் திரும்பும் டவுன் பஸ்.

இலக்கியச் சான்று ஒன்றாவது காட்டாவிட்டால் கட்டுரையை ஏற்கமாட்டார்கள். அகநானூற்றின் 24ஆம் பாட்டில் சங்கு அறுத்து வளையல் செய்யும் பார்ப்பான் ஒருவன் வருகிறான்; வேள்வி செய்யாதவன். அவன் ஏன் வேள்வி செய்யவில்லை என்பதில் அறிஞர்களுக்கு அக்கறை உண்டு. அந்த வளையல் எந்தப் பெண்ணின் கைக்குப் போனது, அவளுக்கு அளவு சரியாக இருந்ததா என்பதில் யாருக்கும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

செட்டிநாட்டார் இந்தச் சிக்கல் எதிலும் மாட்டவில்லை. சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, முட்டை வெள்ளைக்கருவோடு சேர்த்துச் சுவரிலேயே பூசிவிட்டார்கள். தூசி துடைக்க வேண்டாம். பெயர் எழுதவும் முடியாது.

விழாக்கால வழக்காறு: நவராத்திரிக்கு அலமாரி திறக்கப்படும். கொலுப்படிக்குக் கீழே பார்க்கு; முளைவிட்ட கேழ்வரகு வயல்; முகம் தெரியாத அந்தக் கண்ணாடி அங்கே குளமாகிவிடும்; கரையில் சிப்பிகள். குளக்கரையில் கடல் சிப்பி எப்படி வந்தது என்று ஒரு முறை கேட்டேன். சுண்டல் கிடைக்கவில்லை.

கல்யாணம் வேறு இயல். இப்போது மண்டப வாசலில் பழம்பொருள்களை அடுக்கி வைக்கிறார்கள்: பாடாத கிராமபோன், எரியாத அரிக்கேன் விளக்கு, 'ர' போன தட்டச்சுப் பொறி, உட்கார்ந்தால் உடைந்துவிடும் சைக்கிள். எல்லாம் வாடகை. போன வைகாசியில் ஒரு வரவேற்பில் பெரிய பித்தளை அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்கவிட்டிருந்தார்கள். ஆச்சி மணமக்களைப் பார்க்கப் போகவில்லை. அண்டாவின் கழுத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, விரலால் தடவித் தடவி, பெயர் வெட்டிய புள்ளி எழுத்தைத் தேடினாள். ஆச்சியின் அண்டா எவர்சில்வர் மோகத்தில் எடைக்குப் போய் நாற்பது வருஷம் ஆகிறது. எழுத்து எதுவும் அகப்படவில்லை. 'நம்ம அண்டாதான். பேரை உருக்கிட்டான்' என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனாள் (ஆச்சி, வாய்மொழி, மண்டப வாசல், அண்டாவின் வடகிழக்குப் புறம்; கேட்டரிங் பையன் ஒருவன் உடனிருந்தான்). காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். எல்லாம் யாரோ ஒரு ஆச்சி அவசரப்பட்டுப் போட்டது.

இப்போது ஆய்வின் மையத்துக்கு வருகிறேன். மேல்தட்டின் நடுவில், என் உள்ளங்கையை ஒத்த அகலத்தில், ஒரு சிப்பி. கன்னியாகுமரியில் வாங்கியது என்பதில் மட்டும் அனைவரும் ஒருமித்துள்ளனர். உட்புறம் சிவப்பு எனாமல் பெயின்ட்டால் ஏதோ எழுதியிருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அம்மா அலமாரியை ஒழித்து, சிப்பியைச் சோப்புத் தண்ணீரில் போட்டுத் தேய்த்ததில் வருஷத்துக்கு ஓர் எழுத்தாகக் கரைந்து, ஸ்கிரப்பர் எட்டாத நடுக்குழிவில் 'ணி' மட்டும் நிற்கிறது. ணி-க்கு இடப்பக்கம், சற்று மேலே, ஒரு சிவப்புப் புள்ளி. வலப்பக்கம் நாலைந்து எழுத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது.

இதற்கு மூன்று பாடம் உண்டு.

மணிப் பாடம்: அப்பாவோடு வேலை பார்த்த மணி அண்ணாச்சி, கன்னியாகுமரிக்குப் போனபோது தன் பேரை எழுதி வாங்கிவந்து கொடுத்தது. ஒருவர் தன் பெயரைத் தானே எழுதி இன்னொருவருக்குக் கொடுப்பாரா என்ற கேள்விக்கு, 'அவன் அப்படித்தான்' என்பது விடை (அப்பா, வாய்மொழி; பேப்பருக்குப் பின்னாலிருந்து).

ராணிப் பாடம்: அம்மாவுடையது. இதற்கு விளக்கம் தேவையில்லை, கொடுக்கவும் மாட்டார். சாம்பார் கொஞ்சம் கூடுதலாகக் கொதிக்கும் நாள்களில் இப்பாடம் வலுப்பெறும். ஆதாரமாக ஒரு பழைய பலசரக்குச் சீட்டைக் காட்டுகிறார்: பின்புறம், பென்சிலில், 'ரா' என்ற எழுத்து, அடுத்த எழுத்து நல்லெண்ணெயில் சிதைவு. முன்புறத்தில் ராகி, ரவை இரண்டும் இருப்பதால் அது 'ராகி'யின் தொடக்கமாகலாம் என்று நான் பணிவுடன் எடுத்துரைத்தேன் (சீட்டு, பின்புறம், வரி 1, ஒப்பு நோக்க: முன்புறம், வரி 6, சிதைவை 'ணி' எனப் படிப்பாரும் உளர், அவர் அம்மா ஒருவரே).

வேணிப் பாடம்: சமாதானத்துக்காக அத்தை கொண்டுவந்தது. 'வேணி'ன்னு ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு, செத்துப்போச்சு, விட்டுருங்க என்றார். செத்தவரை உள்ளே கொண்டுவந்து சர்ச்சையை முடிக்கும் உத்தி வரலாற்றுத் துறையில் பழையது. இங்கே எடுபடவில்லை.

புள்ளியைப் பற்றித் தனியே ஓர் இலக்கியம் வளர்ந்திருக்கிறது. தூரிகை உதறியது என்பது அப்பா தரப்பு. நெற்றிப்பொட்டு என்பது அம்மா தரப்பு. நான் பூதக்கண்ணாடி வைத்து, மூன்று நாள், காலை வெயிலிலும் டியூப்லைட்டிலும் பார்த்து, பதினோரு பக்கம் எழுதினேன். வலப்பக்க வெற்றிடத்தைப் பற்றி எழுதவில்லை. என் எந்தப் பாடத்துக்கும் அது ஒத்துவரவில்லை. ஒத்துவராததை அடிக்குறிப்பில்கூடச் சேர்க்காமல் விடுவது முதுநிலை ஆய்வாளர்களிடம் கற்றது.

உதவி ஆய்வாளர் அந்தப் பக்கம் வந்தாள். சிப்பியை எடுத்து ஒரு தரம் பார்த்தாள். 'மாமா, அந்தப் புள்ளி ண் மேல வைக்கிறது. கண்ணியாகுமரின்னு தப்பா எழுதியிருக்காங்க. நான் இப்படி எழுதினா எங்க மிஸ் மார்க்கைக் குறைச்சிருவாங்க' என்றாள். கீழே வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

புள்ளி பொருந்துகிறது. வெற்றிடமும் பொருந்துகிறது. ஊரும் பொருந்துகிறது.

வீட்டில் அறிவித்தேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. 'அப்போ முப்பது வருஷமா நான் பேசினதெல்லாம் எந்தக் கணக்குல போகும்? சின்னப்புள்ள சொல்லுததைத் தூக்கிட்டு வந்துட்டான்' என்றார். அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, அப்பா அம்மாவை முந்திக்கொண்டு மறுத்ததுதான். ஊர்ப்பெயர் என்று ஆகிவிட்டால், மணி அண்ணாச்சி எங்கிருந்து வந்தார் என்ற கேள்வி எழுமே. முப்பது வருஷத்தில் இருவரும் ஒரே தரப்பில் நின்றது அன்றுதான். அத்தை, வேணியை வாபஸ் வாங்க முடியாது என்று தெரிவித்துவிட்டார். ஆகவே கன்னியாகுமரிப் பாடம், தகுந்த சான்றின்மையால், தள்ளுபடி செய்யப்படுகிறது. சிப்பி பழைய இடத்திலேயே இருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். கன்னியாகுமரியில் அந்தக் காலத்தில் வாங்கிய, சிவப்பு எனாமலில் எழுதிய சிப்பி எவர் வீட்டு அலமாரியிலாவது முழு எழுத்தோடு இருந்தால், ஊர்ப்பெயரில் எந்த 'னி' போட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டாம். கடிதத்தை என் பெயருக்கே அனுப்புங்கள், வீட்டு முகவரிக்கு வேண்டாம். பதிவுக் கட்டணம் கிடையாது. சான்றிதழும் கிடையாது.