ஹாரிஸ் பிரபு போட்ட கவட்டை

1856 ஜூலை 1. ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரத்தில் ரயிலேறி வாலாஜா ரோடு போனார். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். வழியில் திருவள்ளூர். அந்த ஊர் வீரராகவப் பெருமாள் சயனத்தில் இருந்ததால் யாரும் அவரிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை. ரயில் கம்பெனிக்காரர்களுக்கு மேற்குக் கடற்கரை மேல்தான் கண்.

வடக்கே கும்மிடிப்பூண்டி இன்னும் 43 வருஷம் மாட்டுவண்டியில் காத்திருந்தது. 1899-ல் பெஜவாடா பாதை வந்தபிறகுதான் அதற்கு ரயில். ஆக, ஒரு தண்டவாளம் மேற்கே, இன்னொன்று வடக்கே, இரண்டும் சேருமிடம் சென்னை பேசின் பிரிட்ஜ். அசல் கவட்டை. நுனிக்கு நுனி ஒன்றும் கிடையாது.

1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது. கும்மிடிப்பூண்டி அதற்குள் வந்தது. காக்காய்க்கு கலெக்டர் ஆபீஸ் சுமார் 40 கி.மீ. மனு கொடுக்கப் போகும் மனிதருக்கு ரயிலில் 80-க்கும் மேல். பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் பார்த்து, பேசின் பிரிட்ஜில் மஞ்சப்பையோடு படியேறி இறங்கி, வண்டி மாறி, பெரம்பூர், ஆவடி என்று மறுபடியும் ஊரைவிட்டு வெளியே.

இதற்கிடையே, ஹாரிஸ் பிரபு போய் வந்து சரியாக நூறு வருஷம் கழித்து, ஆம்ஸ்டர்டாமில் டைக்ஸ்ட்ரா என்ற இளைஞர் தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணோடு கடைகடையாக அலைந்து, களைத்து, காபி குடிக்க உட்கார்ந்தார். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு ஆகக் குறைந்த தூரம் எது? இருபது நிமிஷத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார். பேப்பர், பென்சில்கூட இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் எப்படி இருந்ததென்று எந்தக் கணிதப் புத்தகமும் சொல்வதில்லை.

வித்தை எளிது. இருப்பதில் கிட்டத்து ஊரை முதலில் உறுதி செய். அங்கிருந்து அடுத்த ஊருக்குத் தூரத்தைக் கூட்டு. முன்பு எழுதியதைவிடக் குறைந்தால் அடித்துத் திருத்து. இன்று போனில் வழி சொல்லும் குரலுக்கெல்லாம் தாத்தா இதுதான்.

நம் ரயில் வரைபடத்தை அவரிடம் நீட்டினால்? “பேசின் பிரிட்ஜ் போ” என்பார். பாவம், போடாத தண்டவாளத்தில் அவர் எப்படி ஏற்றிவிடுவார்?

மனுக்காரர் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சிப்காட் லாரிகளுக்கு நடுவே பஸ் பிடித்து, பெரியபாளையம் வழியாகப் போகிறார். ரோட்டையும் கணக்கில் சேர்த்தால் டைக்ஸ்ட்ராவும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுவார். ஆடி மாதம் மட்டும் பவானி அம்மன் வாசலில் வேப்பிலை, கூழ், வேன் என்று அந்த வழியின் எடை, அதாவது போய்ச்சேர ஆகும் நேரம், எகிறும். எவ்வளவு எகிறினாலும் அவருடைய வித்தை தாங்கும். எந்த வழிக்கும் எடை மைனஸில் போகக் கூடாது என்பதுதான் அதன் ஒரே நிபந்தனை. அந்தப் பயம் வேண்டாம். கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்தவர் எவரும் அந்த ரோட்டில் இல்லை.