சீட்டும் துண்டும்: நியூயார்க் டெலி ஒன்றில் வாடிக்கையாளர் இயல்

கேட்ஸ் டெலிகேட்டசென் என்பது நியூயார்க் நகரின் லோயர் ஈஸ்ட் சைடில், ஹூஸ்டன் தெருவும் லட்லோ தெருவும் கூடும் மூலையில் உள்ள இறைச்சி சாண்ட்விச் கடை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கிய காலத்தில், 1888-இல் தோன்றியது. கடைக்கு இலக்கணம் இவ்வளவே போதும். கடைக்குள் நுழைபவருக்குத்தான் இலக்கணம் இல்லை. அக்குறை நீக்க எழுந்தது இவ்வாய்வு.

முதற்கண் சீட்டு. வாசலில் நிற்பவர் உள்ளே வரும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டைத் திணிக்கிறார். குடும்பத்துக்கு ஒன்று என்பதில்லை, தலைக்கு ஒன்று. உள்ளே எதை வாங்கினாலும், கொடுப்பவர் விலையை அந்தச் சீட்டில் கிறுக்குவார். போகும்போது அதைக் காட்டிப் பணம் கட்ட வேண்டும். ஒன்றும் வாங்காதவர் வெற்றுச் சீட்டைத் திருப்பித் தர வேண்டும். தொலைத்தவருக்கு 50 டாலர் தண்டம். இதனால் பெறப்படுவது யாதெனின்: தின்றதற்கு விலை உண்டு, தின்னாததற்குச் சான்று உண்டு, இரண்டும் இல்லாதவர் குற்றவாளி.

இச்சீட்டு மனிதரிடம் விளைவிக்கும் மாற்றங்கள் தனி நூலுக்கு உரியவை. பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் எறிந்துவிட்டு வந்தவர்கூட இதைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். சாண்ட்விச்சின் நடுவே திடீரென்று மெல்லுவதை நிறுத்துபவரைக் கண்டால், பல்வலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவர் சீட்டைத் தேடுகிறார்.

அடுத்தது வரிசை. சுவரோர மேசைகளில் பரிசாரகர் வந்து கேட்பார். அது சோம்பேறிகளின் மரபு என்பதால் இங்கே விரிக்கப்படவில்லை. மற்றவர் நீண்ட கவுண்டரின் முன் நிற்க வேண்டும். இறைச்சி அரியும் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை. எதில் நிற்பது? குட்டையானதில் என்பார் கணிதம் மட்டும் கற்றவர். அது பொருந்தாது. இங்கே இறைச்சியைக் கையால்தான் அரிகிறார்கள். ஒரு சாண்ட்விச்சுக்கு ஆகும் நேரம் ஆகியே தீரும். முன்னால் நிற்கும் ஒற்றை மனிதர், மேசை பிடித்து உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்கும் சேர்த்து வாங்க வந்தவராக இருக்கலாம். எண்ண வேண்டியது தலைகளையல்ல, தலைகளுக்குப் பின்னே எங்கோ காத்திருக்கும் வயிறுகளை. அவற்றைக் காணும் கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஒருவாறு முறை வந்ததும் நிகழ்வதே இவ்வாய்வின் மையம். வாடிக்கையாளர் பாஸ்ட்ராமி கேட்கிறார். மாட்டிறைச்சியை உப்புநீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, மிளகும் கொத்தமல்லி விதையும் அப்பி, புகையிட்டு, வேகவைத்து, ஆவியில் இளகச் செய்த பண்டம் அது. (அந்த மிளகு சேரநாட்டினது என்று நிறுவிவிடும் ஆசையை, ஆய்வு மரபுக்கு மாறாக, இக்கட்டுரையாளர் அடக்கிக்கொள்கிறார்.) அரிபவர் கத்தியை ஓட்டுகிறார். பிறகு, கேளாமலே, சுடச்சுட ஒரு துண்டைச் சிறு தட்டில் வைத்து நீட்டுகிறார். சுவைத்துப் பார் என்பது பொருள்.

அருகே டிப்ஸ் போடக் குவளை உண்டு. அதில் காசை எப்போது போடுவது என்பதில் இரு கட்சிகள். துண்டுக்கு முன்னே என்பது ஒரு சாரார் கொள்கை. சாண்ட்விச் பருமனாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னே என்பார் மறுசாரார். முன்னே கொடுப்பது கையூட்டு, பின்னே கொடுப்பதே நன்றி என்பது அவர்கள் வாதம். இருவரும் அடிப்படையைக் கவனித்தாரில்லை. அந்நேரத்தில் வாடிக்கையாளரின் ஒரு கையில் சீட்டு, மறுகையில் தட்டு. துண்டு வாய்க்குள் போனால்தான் கை காலியாகும், காசு வெளிவரும். ஆகவே இது அறவியல் சிக்கலன்று, கைகளின் எண்ணிக்கை பற்றியது.

கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு காகிதத்துக்காக 50 டாலர் கேட்கும் கடை, அந்தத் துண்டை மட்டும் சீட்டில் எழுதுவதில்லை. வாசலில் அத்தனை ஐயம், கவுண்டரில் இத்தனை ஈகை. இரண்டுக்கும் இடைப்பட்ட சில மீட்டர் தூரத்தில் சந்தேகத்துக்குரிய ஆளாக இருந்தவர் விருந்தாளி ஆகிவிடுகிறார். திரும்பி வாசலுக்கு வந்ததும் மறுபடி சந்தேகத்துக்குரியவர். 25 டாலருக்கு மேல் விலையுள்ள சாண்ட்விச்சுக்கு ஊரே வரிசையில் நிற்பது இறைச்சிக்காக மட்டும் என்று இக்கட்டுரையாளர் நம்பவில்லை. ஒருமுறை சந்தேகப்பட்டு ஒருமுறை ஊட்டிவிடும் இடம் வீட்டை விட்டால் வேறெங்கே கிடைக்கிறது?

துண்டை விழுங்கியவர் எல்லாம் தேறியதாகக் கருத வேண்டாம். கொழுப்பே வேண்டாம் என்பவருக்கு வறண்ட இறைச்சியும் ஒரு பார்வையும் கிடைக்கும். ரை ரொட்டிக்கு மஸ்டர்டுதான் முறை. மயோனைஸ் கேட்பதைத் தடுக்கச் சட்டமில்லை. கேட்டவரோடு ஒரே மேசையில் உட்காரச் சொல்லும் சட்டமும் இல்லை.

இங்கே ஒரு தடை எழும். இறைச்சியோடு பாலைச் சேர்க்கலாகாது என்பது யூதரின் கோஷர் விதி. இக்கடையிலோ இறைச்சியோடு பாலாடைக்கட்டி வைத்த ரூபன் சாண்ட்விச் விற்கிறார்கள். வெள்ளி மாலை, யூதரின் ஓய்வுநாளான சபாத் தொடங்கினால், விதி காக்கும் கடைகள் ஓயும். இக்கடை விடிய விடியத் திறந்திருக்கும். பின் எப்படி இது யூத டெலி? விடை எளிது. இது கோஷர் கடையன்று, கோஷர் பாணிக் கடை. விதி போயிற்று, ருசி நின்றது. இந்தத் தடையை எழுப்புவதினும் கடும் பிழை, இங்கே வந்து பேகல் ரொட்டியும் சால்மன் மீனும் கேட்பது. மீனும் பாலும் விற்கும் கடைகள் வேறு குலம். அதற்கு அதே ஹூஸ்டன் தெருவில் மேற்கே சற்று நடந்தால் 1914-இல் தோன்றிய ரஸ் அண்ட் டாட்டர்ஸ் உண்டு. அங்கும் சீட்டுதான், ஆனால் அது வரிசை எண் மட்டும் சொல்லும், தண்டம் கேட்காது.

வாடிக்கையாளருள் எல்லோரினும் புகழ்பெற்றவர் ஒருவர் உண்டு. 1989-இல் வந்த ‘வென் ஹாரி மெட் சாலி’ படத்தில், இக்கடையில் அமர்ந்து மெக் ரயன் இன்பத்தின் உச்சத்தை நடித்துக் காட்ட, பக்கத்து மேசை மூதாட்டி அவளுக்குக் கொடுத்ததையே தனக்கும் கொண்டுவரச் சொல்வார். அந்த மேசைக்கு மேல் இன்று பலகை தொங்குகிறது. அங்கே உட்காருபவர்கள் மெக் ரயனைப் போல நடித்துப் பார்க்கிறார்கள். மூதாட்டியைப் பின்பற்றுவாரைக் காணோம். ஆனால் அக்காட்சியில் ஒழுங்காக ஆர்டர் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். மூதாட்டியாக நடித்தவர் எஸ்டெல் ரைனர், இயக்குநர் ராப் ரைனரின் தாயார்.

தாயார் என்றதும் கடைசிச் சிக்கல். இரண்டாம் உலகப் போரில் கடைக்காரர்களின் பிள்ளைகள் படைக்குப் போயினர். பெற்றோர் உணவு அனுப்பினர். படையிலிருக்கும் உன் பையனுக்கு ஒரு சலாமி அனுப்பு என்ற விளம்பரம் அதிலிருந்தே பிறந்தது; சலாமி என்பது பதனிட்ட இறைச்சிக் குழல். ஊர்த் தாய்மாரும் வாங்கி அனுப்பினர். இதில் வாடிக்கையாளர் யார்? வரிசையில் நின்றவள் தாய், துண்டைச் சுவைத்தவள் தாய், சீட்டைத் தொலைக்காமல் காத்தவளும் தாய். மகனோ எங்கோ ஒரு பாசறையில், யாருக்கும் கணக்குக் காட்டாமல், முழுச் சலாமியையும் தின்று தீர்த்தான். மேற்கூறிய விதி எதிலும் இவன் அடங்கவில்லை. இவனுக்காகப் புறனடை ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. பக்கத்துக் கூடாரத்துக்காரன் பங்கு கேட்டிருப்பானா என்பதையும் அதில்தான் ஆராய வேண்டும்.