தோற்றவர்களுக்கு ஒரு மாடி

தளியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு முடிந்துவிடும். ஆனேக்கல் பக்கம் கர்நாடகம். அங்கே சட்டமன்றத்துக்கு இரண்டு அவை. இங்கே ஒன்று. அந்தப் பக்கம் ராகி போட்டிருக்கும் விவசாயிக்கு எம்.எல்.ஏ. போதாதென்று, மேலே 75 மேலவை உறுப்பினர்கள் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். தேன்கனிக்கோட்டை விவசாயிக்காக அப்படி யோசிக்க ஒருவரும் இல்லை. பன்னேர்கட்டா காட்டிலிருந்து ராகி அறுவடைக்குச் சரியாக வந்துசேரும் யானைக்கூட்டம் மட்டும் இந்த அரசியலமைப்பு வித்தியாசத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே ருசியோடுதான் தின்கிறது.

மேலவை இல்லாததால் நாம் இழந்தது என்ன என்று கேட்டால், பெரியவர்கள் ஒரே குரலில் சொல்வார்கள்: அறிஞர்களின் ஆலோசனை. கேட்கவே நன்றாக இருக்கிறது. அந்த அறிஞர்கள் யார், எப்படி உள்ளே போனார்கள் என்று பார்ப்போம்.

1952. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. ஜனங்கள் தெளிவாகத்தான் சொன்னார்கள். கேட்பவர்களுக்குத்தான் காது மந்தம். தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார். நியமிக்கப்பட்டவர் முதலமைச்சர் ஆனார். ஓட்டுச்சீட்டையே முதன்முறையாகக் கையில் வாங்கிய ஜனங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம் இது: நீங்கள் போடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

1954-இல் முதலமைச்சரான காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்துப் பேரவைக்கு வந்தார். மேலவைக் கதவு அவருக்கும் திறந்துதான் கிடந்தது. அவருக்குப் போகத் தோன்றவில்லை. 1967-இல் அண்ணா அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார். தென் சென்னை அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. அவர் மேலவை உறுப்பினராகி முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். நல்லவர்களும் பின்வாசலைப் பயன்படுத்தினார்கள் என்பது பின்வாசலுக்கு நற்சான்று ஆகாது.

இப்போது விதிமுறைகளுக்கு வருவோம். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது.

அரசியலமைப்பின் 171-ஆவது பிரிவுப்படி மேலவையில் மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகள், பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்கள். மிச்சம், இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூக சேவை என்று நியமனம். அதாவது பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆனவனுக்கு இரண்டு ஓட்டு. ராகி விதைப்பவனுக்கு ஒன்று. ஓசூர் சிப்காட்டுக்கு விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறும் ஐ.டி.ஐ. படித்த பையனுக்கும் ஒன்றுதான். சமத்துவம் என்று முகவுரையில் எழுதிவிட்டு, 171-ஆவது பிரிவில் மார்க்‌ஷீட் கேட்கிறார்கள்.

ஆசிரியர் தொகுதி இதைவிட விசேஷம். உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத பள்ளியில் பாடம் நடத்துபவர்தான் அதில் ஓட்டுப் போடலாம். பெட்டமுகிலாளம் மலையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ போடச் சொல்லித்தரும் டீச்சர் இந்தக் கணக்கில் ஆசிரியரே இல்லை. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பது அறிவுப்பணி அல்ல என்று தேசத்தின் தலையாய சட்டமே தீர்மானித்துவிட்டது.

சரி, பட்டதாரித் தொகுதியில் ஓட்டுப் போட பட்டம் வேண்டும். நிற்க? வேண்டாம். இதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் நம் தமிழ்நாடுதான். சென்னை மாவட்டப் பட்டதாரித் தொகுதியில் பட்டம் இல்லாத ஒருவர் ஜெயித்தார். செல்லாது என்றது உயர்நீதிமன்றம். 1972-இல் உச்சநீதிமன்றம், வேட்பாளருக்குப் பட்டம் வேண்டும் என்று சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டு, செல்லும் என்றது. நீதிபதிகள் மேல் தப்பில்லை. இருக்கிற எழுத்தைப் படித்தார்கள். அறிஞர் அவைக்கு ஆள் அனுப்பத்தான் படிப்பு வேண்டும், போவதற்கு வேண்டாம்!

இப்படிப்பட்ட அவை 1986-இல் மூடப்பட்டது. மூடிய விதமும் அவையின் தரத்துக்குக் குறைவில்லை. நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை மேலவைக்கு நியமிக்க எம்.ஜி.ஆர். அரசு பரிந்துரைத்தது. ஏப்ரல் 23-இல் பதவியேற்பு என்று நாளும் குறித்தாயிற்று. அவர் நீதிமன்றத்தால் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டவர், அப்படிப்பட்டவர் உறுப்பினராக முடியாது என்று ஒரு வழக்கறிஞர் வழக்குப் போட்டார். கடன் அவசரமாக அடைக்கப்பட்டது. ஆனாலும் நியமனம் நடக்கவில்லை. விசாரிக்காமல் எப்படிப் பரிந்துரைத்தீர்கள் என்று ஆளுநர் குரானா கேட்டார். மே 14-ஆம் தேதி, மேலவையே வேண்டாம் என்று பேரவையில் தீர்மானம் வந்துவிட்டது. பதவியேற்புக்குக் குறித்த நாளிலிருந்து மூன்றே வாரம். குடிதண்ணீருக்கு மனு கொடுத்தால் மூன்று வாரத்தில் மனு மேஜையை விட்டு நகராது. 125 வருஷப் பாரம்பரியம் கொண்ட சபை மூன்று வாரத்தில் காலி.

இன்னொரு காரணத்தையும் ஊர் பேசியது. அந்த வருஷத் தொடக்கத்தில் உள்ளாட்சித் தேர்தலில் தி.மு.க. ஏராளமான இடங்களைப் பிடித்திருந்தது. உள்ளாட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டால் மேலவை யார் கைக்குப் போகும் என்பதற்கு ஜோசியர் தேவையில்லை. கருணாநிதி அப்போது மேலவை உறுப்பினர். எம்.ஜி.ஆரே 1962-இல் மேலவையில் உட்கார்ந்து பார்த்தவர்தான். அவையின் அருமை தெரிந்துதான் பூட்டினார். 1986 நவம்பர் 1-ஆம் தேதி ம.பொ.சி. தலைமையில் இருந்த அவை இல்லாமல் போனது. மேலவையை ஒழித்தது சரி. ஒழித்த காரணம் கேவலம். நம் அரசியலில் நல்ல காரியமும் கெட்ட எண்ணத்தில்தான் நடக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது சுத்தமான கூத்து. 1989-இல் தி.மு.க.: மேலவை வேண்டும். 1991-இல் அ.தி.மு.க.: வேண்டாம். 1996: வேண்டும். 2001: வேண்டாம். 2010: வேண்டும். இந்த முறை டெல்லியில் காரியம் பலித்தது. அந்த மே மாதத்தில் மாநிலங்களவை ஒரு நாள், மக்களவை மறுநாள் என்று நாடாளுமன்றம் இரண்டே நாளில் சட்டம் போட்டது. 78 இடங்கள். தொகுதி பிரித்தார்கள். படிவம் 18 பட்டதாரிக்கு, படிவம் 19 ஆசிரியருக்கு என்று பட்டியல் தயாரித்தார்கள். டிகிரி சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து, சான்றொப்பம் வாங்கி, தாலுகா ஆபீசில் கொடுத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்தான் இந்தத் திட்டத்தில் லாபம் பார்த்தவர். 2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் 7: வேண்டாம். 2010 சட்டத்தை ரத்து செய்யும் மசோதா 2012-இல் மாநிலங்களவைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. மறுபடியும் எழுதியது: வேண்டும்.

இத்தனை தீர்மானத்தில் எந்த ஒன்றுக்கு முன்னாலும் தேன்கனிக்கோட்டை சந்தையில் வந்து, ‘அய்யா, உங்களுக்கு இன்னொரு சபை தேவையா’ என்று ஒருவராவது கேட்டார்களா? கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்திருக்கும். ‘இருக்கிற ஒன்றையே பார்க்க முடியவில்லை’ என்பார்கள். அதையும் தமிழில் பாதி, கன்னடத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும் மீதி சொல்வார்கள். அவை இல்லை, ஆனால் முன்னாள் மேலவை உறுப்பினர்களுக்கு ஓய்வூதியம் உண்டு. சபை செத்தாலும் சம்பளம் சாகாது.

ஆந்திரம் நம்மைவிட மோசம் என்று ஆறுதல் கொள்ளலாம். என்.டி.ராமராவ் 1985-இல் ஒழித்தார். ராஜசேகர ரெட்டி ஆட்சியில் 2007-இல் திரும்ப வந்தது. அவர் மகன் ஜெகன் 2020 ஜனவரியில் ஒழிக்கத் தீர்மானம் போட்டார். அப்போது மேலவையில் எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை. பிறகு அவர் கட்சிக்காரர்களே அங்கே நிரம்பினார்கள். 2021 நவம்பரில் தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிட்டார். கொள்கை என்பது எண்ணிக்கை மாறும்வரைதான்.

எதற்கு இத்தனை ஆசை? அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டினால் பதில் கிடைக்கும். ஒசகோட்டையில் எம்.டி.பி. நாகராஜ் 2019 டிசம்பர் இடைத்தேர்தலில் நின்றார். ஆயிரம் கோடிக்கு மேல் சொத்துக் கணக்குக் காட்டியவர். ஜனங்கள் தோற்கடித்தார்கள். 2020 ஜூனில் மேலவை உறுப்பினர். 2021 ஜனவரியில் மந்திரி. யாரை வேண்டாம் என்றார்களோ அவர் ஒரு வருஷம் கழித்து சைரன் வைத்த காரில் அவர்கள் தெருவழியாகவே போகலாம். முன்னாள் முதலமைச்சர் ஜெகதீஷ் ஷெட்டர் 2023 மே மாதம் காங்கிரஸில் நின்று தோற்றார். ஜூனில் மேலவை. 2024 ஜனவரியில் அதை உதறிவிட்டு பா.ஜ.க.வுக்குத் திரும்பினார். கோடையில் பெலகாவி எம்.பி. ரயில் நிலைய ஓய்வறையில்கூட இதைவிட அதிக நேரம் உட்காருவார்கள்.

தேன்கனிக்கோட்டை இருப்பது தளி தொகுதியில். அந்தத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைப் படியுங்கள். 2001-இல் பா.ஜ.க. 2006-இல் சுயேச்சை. 2011-இல் இந்தியக் கம்யூனிஸ்ட். 2016-இல் தி.மு.க. 2021-இல் மறுபடி இந்தியக் கம்யூனிஸ்ட். ஐந்து தேர்தலில் ஒரு சின்னமும் அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயிக்கவில்லை. எந்தக் கட்சிக்கும் இந்த ஊர் சொந்த வீடு அல்ல. இந்த ஜனங்களிடம் வேறு என்ன இருக்கிறது? தக்காளிக்கு விலை நிர்ணயிக்கும் சக்தி இல்லை. யானையைத் தடுக்கும் சக்தி இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் சக்தி ஒன்றுதான் இருக்கிறது. மேலவை அதையும் பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாடு. கீழே துரத்தியவரை மேலே உட்கார வைக்கும் மாடி.

அந்த மாடியை எதன் மேல் கட்டப்போகிறார்கள் என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது. 78-இல் 26 பேரை உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளாட்சி எங்கே இருக்கிறது? 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தல் ரத்தானது. கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் 2019 டிசம்பர் கடைசியில்தான் ஓட்டுப் போட்டார்கள். பேரூராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் 2022 பிப்ரவரி வரை விடியவில்லை. 2019-இல் ஓசூரை மாநகராட்சி என்று அறிவித்துப் பட்டாசு வெடித்தார்கள். மேயரைப் பார்க்க மூன்று வருஷம் ஆனது. அத்தனை காலமும் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊருக்கு மானியம் இல்லை என்று மத்திய அரசு பணத்தை நிறுத்தி வைத்தது. நிறுத்தியது தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் வரவேண்டிய பணம்.

அதிலும் புத்தி வரவில்லை. 2019-இல் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. தேர்தல் இல்லை. மறுபடி தனி அலுவலர். ஊராட்சித் தலைவர் உட்கார்ந்த இடத்தில் பி.டி.ஓ. கையெழுத்துப் போட்டார். வார்டு உறுப்பினரையே தேர்ந்தெடுக்க விடாதவர்கள் மேலவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பற்றித் தேர்தல் அறிக்கையில் எழுதினார்கள். அடுத்த ‘வேண்டும்’ தீர்மானம் வரும்போது வாக்காளர் பட்டியலில் யார் பெயரை எழுதுவார்கள்? கெலமங்கலம் பி.டி.ஓ., தளி பி.டி.ஓ. என்று வரிசையாகவா?