குமுளி வண்டியில் சன்னலோரம்: ஒரு முன்னோடி ஆய்வு

இவ்வாய்வின் எல்லை தேனி பேருந்து நிலையத்தில் தொடங்கி, கம்பம், கூடலூர் வழியாகக் குமுளியில் முடிகிறது. நீலகிரிக் கூடலூர்க்காரர்கள் தங்களுக்கென்று தனி ஆய்வு நடத்திக்கொள்ளலாம்.

விமானச் சன்னலுக்கு அறிஞர் வகுத்த விதிகள் இரண்டு: இறக்கைக்கு மேல் உட்காராதே, வெயில் பக்கம் உட்காராதே. நம் கூடலூருக்கு விமானம் என்றால் 100 கிலோமீட்டருக்கு மேல் கடந்து மதுரை போக வேண்டும். ரயிலோ 2023 ஜூனில் போடி வரை வந்து நின்றுகொண்டது. திண்டுக்கல்–லோயர்கேம்ப் பாதை இன்னும் மனுவில்தான் ஓடுகிறது. எஞ்சியது பேருந்து. இறக்கை என்ற இடத்தில் பின்சக்கரம் என்று திருத்திக்கொண்டால் விதிகள் அப்படியே செல்லும். பின்சக்கரத்துக்கு மேல் அமர்ந்தவர் மேகமலையைப் பார்ப்பதில்லை. தம் முழங்காலைப் பார்க்கிறார்.

இனி கோட்பாடு. தேனியிலிருந்து சாலை தென்மேற்காகப் போகிறது. இடப்பக்கம் மேகமலை, வலப்பக்கம் கேரளத்து ஏலமலை. இருபுறமும் குறிஞ்சி, நடுவே மருதம். காலையில் வெயில் இடப்பக்கம் விழும். அப்போது வலப்பக்கம் அமர்பவருக்கு நிழல் கிடைக்கிறது; அவர் பார்க்கும் மலைமேல் அந்த வெயிலே விழுந்து, மடிப்பு மடிப்பாகத் துலக்கிக் காட்டுகிறது. மாலையில் இது அப்படியே தலைகீழ்: இடப்பக்கம் உட்கார்ந்தால் சின்னமனூரிலிருந்தே மேகமலை கூட வரும். சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் வழி திறக்கும் கண்ணகி கோயில் மலையும் கூடலூரைத் தாண்டியதும் அந்தப் பக்கமே. சூரியனுக்கு முதுகைக் காட்டு, மலைக்கு முகத்தைக் காட்டு என்பதே சூத்திரம். ஊர் திரும்பும்போது பக்கத்தை மாற்றிக் கொள்க.

பருவமும் பார்க்க வேண்டும். பெரியாறு அணைத் தண்ணீரால் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. ஜூனில் தண்ணீர் திறந்து, நடவு முடிந்த பிறகு வந்தால் எந்தப் பக்கமும் மோசமில்லை. ஆனால் அதே மாதங்களில்தான் தென்மேற்குச் சாரலும் அடிக்கும். நடத்துநர் "ஷட்டரை இறக்குங்க" என்பார். தகர ஷட்டர் இறங்கியபின் இரு பக்கமும் ஒரே காட்சிதான்.

சூத்திரம் தெரிந்தவருக்கெல்லாம் சீட் கிடைக்கும் என்று பொருளல்ல. வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே வெளியிலிருந்து சன்னல் வழியாகத் துண்டு போடுபவர், எந்த மலை எந்தப் பக்கம் என்று யோசித்துப் போடுவதில்லை. துண்டு விழுந்த இடம் அவருடையது. "ஆளு வர்றாங்க" என்ற வாய்மொழிச் சாசனம் துண்டுக்கு அடுத்த நிலை. உத்தமபாளையம் தாண்டியும் அந்த ஆள் வராவிட்டால் காலாவதி. இவை இரண்டையும் ரத்து செய்யவல்ல உரிமை ஒன்றே ஒன்று: "அண்ணே, பாப்பாவுக்கு வாந்தி வருதாம்." இதற்கு மேல்முறையீடு இல்லை.

லோயர்கேம்ப்பில் கோட்பாடு தடுமாறத் தொடங்குகிறது. அங்கே மலைமேலிருந்து நான்கு ராட்சதக் குழாய்கள் மின் நிலையத்துக்கு இறங்குகின்றன. மேற்கே அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர், பொறியாளர் பென்னிகுயிக் பெரியாறு அணையைக் கட்டி முடித்த 1895 முதல் இந்தப் பக்கம் வருகிறது. இத்தனை சிறப்பான காட்சியை எந்தச் சன்னலுக்கு என்று ஒதுக்க முடியவில்லை. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு இடம் வலமாகிறது. ஒரு வளைவில் பள்ளத்தாக்கு முழுவதும் உம்முடையது. அடுத்த வளைவில் எதிர்ச் சீட்டுக்காரருடையது, உமக்குப் பாறைச் சுவர். இலக்கணம் சொல்லும் திணை மயக்கத்தை இங்கே பயணிகள் வயிற்றில் உணர்கிறார்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொள்பவருக்கு எந்தப் பக்கமானால் என்ன?

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். காலை வண்டியில் வலப்பக்கச் சன்னலோரம் ஒருவர் கைபேசியில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு வந்தால், இடம் மாறிக்கொள்ளக் கேளுங்கள். மறுத்தால் வாந்தி வருகிறது என்று சொல்லுங்கள். ஆய்வின் பொருட்டுச் சொல்லும் பொய்தானே, குற்றமில்லை.