படம் காட்டுகிற ஊசி



அத்திம்பேரே, பழைய சாமான் கடையில் நான் வாங்கிய பெட்டியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது லேசர் டிஸ்க்தானே, இதற்குப் போய் இருபது டாலரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விலை விவகாரத்தை அக்காவிடம் தனியாகச் சமாளித்துக்கொள்கிறேன். கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும் இங்கே பதில்: இது லேசர் டிஸ்க் இல்லை. பழைய சாமான் கடைப் பெட்டியை அதன் நெற்றியில் எழுதியிருப்பதை வைத்து எடை போடக் கூடாது, அது வேலை செய்கிற விதத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் கட்சி. நெற்றியில் 'ஆர்.சி.ஏ. செலக்டாவிஷன்' என்று இருக்கிறது. மாடல் எண் ஒட்டிய சீட்டு உரிந்துவிட்டது. பெயர் இருக்கிறதே, போதாதா என்பீர்கள். போதாது. 1977-ல் அதே கம்பெனி விற்ற வி.எச்.எஸ். டேப் ரிக்கார்டருக்கும் செலக்டாவிஷன் என்றுதான் பெயர். 1981 மார்ச்சில் வந்த டிஸ்க் பிளேயருக்கும் அதே பெயர். போதாக்குறைக்கு ஹிட்டாச்சியும் தோஷிபாவும் இதே வகைப் பெட்டியைத் தங்கள் பெயரில் விற்றன.

ஆகவே வாயைப் பார்க்க வேண்டும். இதில் நாக்கு நீட்டுகிற தட்டு கிடையாது. முகம் முழுக்க ஒரு நீளமான பிளவு. 12 அங்குல டிஸ்க் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் குடியிருக்கும். உறையோடு உள்ளே தள்ளி, உறையை வெளியே இழுத்தால் டிஸ்க் மட்டும் உள்ளே தங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் முடியும். கதாநாயகி கண்ணைத் துடைக்கிற நேரமாக இருந்தாலும் எழுந்து போய், வெற்று உறையைத் தள்ளி, டிஸ்கோடு இழுத்து, உறையைப் புரட்டி, மறுபடி தள்ளி, மறுபடி வெறும் உறையை இழுக்க வேண்டும். மனிதக் கை டிஸ்க் மேல் படவே கூடாது. மடிக்கோலால் கொடிப் புடவையை எடுக்கிற நம் பெரிய பாட்டியின் ஆசாரம் இதுதான். தூசி பட்டால் தீட்டு, ஈரம் பட்டால் தீட்டு, விரல் பட்டால் பிராயச்சித்தமே கிடையாது. பாட்டியாவது ஒரு முழுக்குப் போட்டுச் சமாதானமாவாள்.

இத்தனை மடிக்குக் காரணம் உள்ளே இருக்கிற ஊசி. லேசர் டிஸ்க்கைத் தொடாமல் ஒளி படிக்கிறது. இதிலோ வைர ஊசி பள்ளத்திலேயே ஓடுகிறது. ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 9,500 பள்ளங்கள், எல்.பி. ரிக்கார்டில் சில நூறுதான். அங்கே ஒரு துளி தூசி மலைக்குச் சமானம். ஊசி என்றால் பாட்டுப் பெட்டிதானே என்று மடக்காதீர்கள். பின்பக்கம் ஆன்டெனா சொருகுகிற இடமும், டி.வி.யின் 3-ஆம், 4-ஆம் சேனலுக்கு மாற்றுகிற பொத்தானும் இருக்கின்றன. பாட்டுக்கு அவை எதற்கு? ஊசி அதிர்வைப் படிப்பதில்லை. கார்பன் கலந்த பிளாஸ்டிக்கில் பள்ளம் ஏறி இறங்குவதால் மின்தேக்குத் திறன் மாறுவதை, ஊசியின் ஓரத்திலுள்ள உலோகப் பூச்சு பிடித்துக்கொள்கிறது. இந்த முறைக்கு சி.இ.டி. என்று பெயர். உறையில் வருகிற இன்னொரு வகை உண்டே என்று நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: ஜப்பானில் 1983-ல் ஜே.வி.சி. கொண்டுவந்த வி.எச்.டி. டிஸ்க் அளவில் சிறியது, அதில் பள்ளமும் இல்லை.

இன்னும் சந்தேகமென்றால் கணக்கு இருக்கிறது. சி.இ.டி. நிமிடத்துக்கு 450 சுற்று, அதாவது நொடிக்கு ஏழரை. அமெரிக்க டி.வி.க்கு நொடிக்கு 30 படம் வேண்டும். ஆக ஒரு சுற்றில் நான்கு படம் அடங்குகிறது. ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் படம் அசையாமல் நிற்காது, நாலு படமும் மாறி மாறித் துடிக்கும். அதனால் பாஸ் அழுத்தினால் ஆரம்ப கால மாடல்கள் ஊசியைத் தூக்கிக்கொண்டு திரையைக் காலியாக்கிவிடும். நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றுகிற லேசர் டிஸ்க்கில் சுற்றுக்கு ஒரு படம் என்பதால் அது சிலைபோல நிற்கும். பெயர்ச்சீட்டு பொய் சொல்லலாம், வகுத்தல் கணக்கு சொல்லாது.

இந்தப் பக்கத்துக் கடைகளில் இது தலைகாட்டுவதில் ஆச்சரியமில்லை. டிஸ்க் அச்சானது நான் இருக்கிற இதே இண்டியானாபொலிஸில். பெட்டி தயாரானது பக்கத்து ப்ளூமிங்டனில். பல வருஷம் ஆராய்ந்து செய்த பொருளை, வீட்டிலேயே பதிவு செய்கிற டேப் மூன்றே வருஷத்தில் விரட்டியது. 1984-ல் பெட்டித் தயாரிப்பை நிறுத்தியபோது நஷ்டம் ஐம்பது கோடி டாலருக்கு மேல். இன்று பிறந்த மண்ணிலேயே கடைக்காரருக்கு அது 'பழைய டி.வி.டி.'. இங்கே ரிப்பேர் என்றால் ரசீது கேட்பார்கள், மாடல் எண் கேட்பார்கள், கடைசியில் புதிதாக வாங்கச் சொல்வார்கள். மூடியைத் திறக்க மட்டும் ஆள் கிடையாது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த நம் சென்னை ரிச்சி தெருவில் இதைக் கண்ணால் பார்த்திராதவன்கூட முதலில் மூடியைத் திறப்பான், பெயரைப் பிறகு விசாரிப்பான். என் கட்சிக்கு அந்தத் தெரு முழுக்க ஆதரவு. நானோ எதிர்க்கட்சி ஊரில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா பயப்பட வேண்டாம், இதை ஊருக்குத் தூக்கி வர மாட்டேன். இது 120 வோல்ட்டில் ஓடும் என்.டி.எஸ்.சி. பிராணி, நம் ஊர் 230 வோல்ட்டும் பால் முறை டி.வி.யும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. ஒரே ஒரு உபகாரம்: ரிச்சி தெருப் பக்கம் போனால் இந்தப் பெட்டிக்குப் போடுகிற ரப்பர் பெல்ட் என்ன விலை என்று விசாரித்து வையுங்கள், அளவை அப்புறம் அனுப்புகிறேன். இந்த வரியை மட்டும் அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்