வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றலாமா?

புதிதாக ட்ராவல் ட்ரெய்லர் வாங்கியிருக்கிறேன். அமெரிக்காவையே சுற்றிவர ஆசை. முதலில் எங்கே போகலாம்?
(டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர்)

காலியாகக் கிடக்கும் பார்க்கிங் மைதானத்துக்கு! ரிவர்ஸ் எடுக்கப் பழகிவிட்டு யெல்லோஸ்டோன் போங்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடியுங்கள். கை நகரும் பக்கமே ட்ரெய்லரின் பின்புறமும் போகும்.

சாமான்களை எங்கே அடுக்குவது?

பாதியை வீட்டிலேயே! மீதியில் கனமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இணைப்புக் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். பின்னால் பாரம் கூடினால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலாட்டும். இழுக்கும் வண்டியையே கவிழ்த்துவிடும். ஆடத் தொடங்கினால் தயவுசெய்து பிரேக்கில் ஏறி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள்.

"இதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம்தான் போய்விட முடியும்?" என்கிறாரே மனைவி?

ட்ரெய்லர் தயாரிக்கும் ஏர்ஸ்ட்ரீமின் நிறுவனர் வாலி பையம் 1959-60இல் ஒரு ட்ரெய்லர் கூட்டத்தையே கேப்டவுனிலிருந்து கெய்ரோ வரை கூட்டிப் போனார் என்று சொல்லுங்கள். நீங்கள் முதல் 50 மைலுக்குள் ஓரம்கட்டி, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முடுக்கிக்கொள்ளுங்கள். புது வண்டியில் அவை தளரும்.